தாப்பிருக்கு நான் செய்த உபயம்

எங்கள் தோட்டத்துக் கோயிலில் எது யாருடைய உபயம் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். காற்றாடி ஒருவர் உபயம், நாற்காலி இன்னொருவர் உபயம், அன்னதானத்துப் பெரிய அண்டா வேறொரு குடும்பத்து உபயம். அண்டாவின் வயிற்றிலேயே பேர் வெட்டியிருக்கும். டியூப் லைட் கொடுத்த புண்ணியவான் தன் பேரையும் பெண்டாட்டி பேரையும் அத்தனை பெரிதாக எழுதிவைத்ததில் வெளிச்சம் பாதிதான் வெளியே வரும். டவுனிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொடுத்த காசு எங்கே போயிற்று என்று நாங்கள் யார் வாசலிலும் போய் நிற்கவேண்டியதில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

இப்படியே வளர்ந்தவள் நான். எல்லா தர்மமும் இப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகா டவுனிலிருந்து உள்ளே வரும் செம்மண் ரோட்டில், செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குவதற்குச் சற்று முன்னால் எங்கள் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதில் நான் கேண்டீன் நடத்துகிறேன். தோட்டத்து லய வீடுகளில் இப்போது நம் ஆட்கள் யாருமில்லை, வெளிநாட்டு வேலைக்காரர்கள்தான். நம் பிள்ளைகள் பகாவிலிருந்து வேனில் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பேச்சு குறைவு. பேசினால் சுருக்கென்று இருக்கும்.

ஒரு பள்ளி விடுமுறையில் சிரம்பானுக்குப் போனபோது, பெரிய கடை வளாகத்தில் ஒரு மேசை போட்டு வனவிலங்கு காக்கும் சங்கத்துப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். மேசைமேல் ஒரு பொம்மைத் தாப்பிர். முன்பாதி கறுப்பு, பின்கால் கறுப்பு, நடுவில் மட்டும் வெள்ளை, யாரோ இடுப்பில் வேட்டி சுற்றிவிட்ட மாதிரி. தொங்கின மூக்கும் சின்னக் கண்ணுமாக அது என்னைப் பார்த்த பார்வையில் மனசு இளகிவிட்டது. எங்கள் பக்கத்துக் காட்டில் இருக்கிற பிராணிதானே, நாமே பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"ஊர்ல எல்லாரும் கல்யாணத்துக்கு மொய் எழுதுவாங்க. நீ பன்னிக்கு எழுதிட்டு வர்றியாக்கும்," என்றார் வீட்டுக்காரர்.

"பன்னி இல்லங்க, தாப்பிர்."

"மூக்க பாத்தா பன்னி மாதிரிதான்லா இருக்கு."

வருஷங்கள் ஓடின. சங்கத்திலிருந்து ஒரு நாள்காட்டி வந்தது. ஒரு டீ சட்டை வந்தது, எனக்குக் கைகூட நுழையாத அளவில். தாப்பிருக்காக ஓட்டப்பந்தயம் நடக்கிறது, வந்து ஓடுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் ஓடினால் தாப்பிருக்கு என்ன வந்துவிடப் போகிறது? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவ்வப்போது போன் போட்டுக் கேட்பேன். சங்கத்து அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள், நல்ல பிள்ளை, பொறுமையாகப் பேசுவாள்.

"ஏம்மா, என் உபயம் எந்தத் தாப்பிருக்கும்மா போவுது?"

"அப்படித் தனித்தனியா இல்ல ஆண்ட்டி. எல்லாம் பொதுவா போவும்."

"பொதுவான்னா எங்க?"

"விழிப்புணர்வுக்கு ஆண்ட்டி."

"யாருக்கும்மா விழிப்புணர்வு? தாப்பிருக்கா?"

அவள் சிரித்துவிடுவாள். எனக்குச் சிரிப்பு வராது. கோயில் கமிட்டியாக இருந்தால் ஆண்டுக்கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிக் கேட்டிருப்பேன். சங்கத்திடம் மைக்கும் இல்லை, பிடுங்குவதற்குக் கூட்டமும் இல்லை.

ஒருநாள் காலை நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் லோரியைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வழக்கமாக நிறுத்த மாட்டார்.

"உன் ஆளு ஒண்ணு கோயிலுக்குப் பின்னால தண்ணிக் கால்வாய்ல படுத்துக் கெடக்கு. கால்ல கம்பி."

அடுப்பை அணைத்துவிட்டு லோரியில் ஏறினேன். அங்கே காட்டுப்பன்னிக்குக் கம்பிச் சுருக்கு வைப்பார்கள். பன்னி வந்தால் செம்பனைக் கன்றையெல்லாம் உழுது போட்டுவிடும், அகப்பட்டால் கறியும் ஆச்சு. யார் வைத்தது என்று கேட்டால் அத்தனை பேரும் வானத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சுருக்கில் தாப்பிர் காலை விட்டிருக்கிறது. இழுத்துப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது போல, கம்பி மட்டும் காலோடு வந்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே சதைக்குள் இறங்கி, கால் பாதம் வீங்கிக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் அது ஒரு சத்தம் போட்டது. அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து சின்னப் பிள்ளை ஊதுகிற விசில் மாதிரி ஒரு சத்தம். இத்தனை வருஷமாக எந்தத் தாப்பிர், எந்தத் தாப்பிர் என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, இதோ வந்துவிட்டது என்று தோன்றியது. இதன் கால் பிழைக்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

அங்கிருந்தே சங்கத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் படபடத்துப்போனாள். ஆனால், "நாங்க ரெஸ்கியூ பண்றதில்ல ஆண்ட்டி," என்றாள்.

"பின்ன என்னதான்மா பண்றீங்க?"

"அதுக்கு வனவிலங்கு இலாகாதான் ஆண்ட்டி. நம்பர் தர்றேன்."

நம்பர் கொடுத்தாள், அதுவரைக்கும் சந்தோஷம். இலாகாவிலிருந்து இரண்டு மலாய்க்கார ஆபீசர்கள் மறுநாளே வந்தார்கள். மயக்க ஊசி போட்டால் கால்வாய்த் தண்ணீருக்குள் ஓடி மூழ்கிவிடும் என்றார்கள். பெரிய இரும்புக்கூண்டு ஒன்றைக் கால்வாய் ஓரத்தில் இறக்கி, இலைதழை போட்டு மறைத்து, பழம் வைத்துப் பழக்கி, அது தானாக உள்ளே போனபின் கதவை இறக்கிக் கம்பியை வெட்டுவது என்று முடிவு. பழம் என்றதும் நான் எங்கள் வீட்டுப் பலாவைக் கொண்டுவந்து நீட்டினேன். மூத்த ஆபீசர் எல்லோரிடமும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஜாங்ஙான் பிசிங், கக்கா." சத்தம் மட்டும் போடாதீர்கள், அக்கா.

நாங்களும் போடவில்லை. அந்தப் பக்கம் போகிற மோட்டார் சைக்கிள்களை வேறு வழியில் போகச் சொன்னேன். பள்ளிக்கூடத்து மணியைக்கூட மெதுவாக அடிக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டேன். ஆபீசர்கள் சாயங்காலம் வந்து பழம் வைத்துவிட்டுப் போவார்கள். முதலில் கூண்டுக்கு வெளியே கிடந்த சுளை காணாமல் போயிற்று. அப்புறம் வாசலில் வைத்த சுளை. வீட்டுக்காரர் லோரியைத் தூரத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு வந்து, "தலைய உள்ள விட்டுச்சு, கால எடுத்து வைக்கல," என்று சொல்வார். பேசாத மனுஷன், கர்ப்பிணியைப் பற்றிச் சொல்வதுபோல் தினமும் வந்து சொன்னார். நானும் தினமும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சங்கத்துக்குச் சுறுசுறுப்பு வந்தது.

அந்தப் பெண்ணும் இன்னொரு ஆளும் ஒரு சாயங்காலம் ஆபீசர்களோடு வந்தார்கள். ஆள் நடமாட்டமில்லாமல் தானாகப் படம் எடுக்கிற ஒரு கேமராப் பெட்டியைக் கூண்டுக்கு எதிரே செம்பனை மரத்தில் வாரால் கட்டினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்ட்டி, கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. இதுதான். உங்கள மாதிரி ஆளுங்க குடுத்த காசுல வாங்கினது," என்றாள்.

நான் உருகிவிட்டேன் என்பதை ஒளிப்பானேன்? இத்தனை நாள் திட்டினதெல்லாம் மறந்துபோயிற்று. இதோ இருக்கிறது என் உபயம், கையால் தொடலாம். புதுச் சாமான் எதுவாயிருந்தாலும் பொட்டு வைக்காமல் நாங்கள் தொடங்கமாட்டோம். லோரிக்கு வைப்போம், மாவு அரைக்கிற மிஷினுக்கு வைப்போம். கோயிலுக்குள் ஓடிப்போய்க் குங்குமம் எடுத்துவந்து கேமராவின் நெற்றியில் வைத்தேன். வடை சுட்ட எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது. குங்குமம் கண்ணாடி ஓரத்தில் இழுபட்டுப்போயிற்று.

"ஐயோ ஆண்ட்டி, லென்ஸ்!"

அவள் டிஷ்யூ எடுத்துத் துடைத்தாள். எண்ணெயோடு குழைந்த குங்குமம் அத்தனை சுலபத்தில் போகுமா? மேல்மூலையில் சிவப்பாக நின்றுவிட்டது. பரவாயில்லை, நடுவில் தெளிவாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் இதை நான் எழுதவேண்டிய அவசியமே இல்லை. சங்கத்துக்கு வீடியோ எடுக்கவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி மண்டபத்தில் ஆளுயரக் காசோலை அட்டையோடு ஒரு சின்ன நிகழ்ச்சி, ஊர்மக்களின் வரவேற்பு, அவ்வளவுதான் என்றார்கள். கால்வாய்ப் பக்கம் யாரும் போகமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். ஆட்களைச் சேர்த்துத் தரச்சொல்லி எங்கள் கோயில் தலைவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பகாவில் லோரி உதிரிச் சாமான் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனுஷர். ஆனால் வரவேற்பு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். உபயக்காரர் வருகிறார் என்றால் கோயில் வாசலில் மாலை போட்டு, தலையில் பரிவட்டம் கட்டி, மேளத்தோடு அழைத்துவரவேண்டும். எங்கள் முறை அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்காக நான் கேண்டீனில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். உறுமிச் சத்தம் கேட்டது.

முதலில் யார் வீட்டு ரேடியோவோ என்று நினைத்தேன். பிறகு தவில் சேர்ந்தது. கோயில் பக்கமிருந்து வருகிறது என்று புரிந்தவுடன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கொண்டை அவிழ்ந்துவிட்டது, செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. கோயிலுக்கு முன்னால் லுக்குட் ஊரிலிருந்து வரவழைத்த உறுமி மேளக் குழு சீருடையோடு நின்று பிய்த்து உதறிக்கொண்டிருந்தது. நடுவில் சங்கத்து ஆட்கள், கழுத்தில் மாலை, தலையில் பரிவட்டம், கையில் போன், வீடியோ ஓடுகிறது. கோயிலுக்குப் பின்னால்தான் கால்வாய்!

"நிறுத்துங்கடா! நிறுத்துங்க! டேய், அது ஓடிரும்டா!"

தலைவிரி கோலமாக, கையை ஆட்டிக்கொண்டு, உறுமியைப் பார்த்து அலறிக்கொண்டு ஒரு பொம்பளை ஓடி வந்தால் மேளக்காரர்களுக்கு என்ன தோன்றும்? எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். உறுமிக்காரன் எனக்கு நேரே வந்து குனிந்து நின்று இன்னும் வேகமாக இழுத்தான். தவில்காரர்கள் என்னைச் சுற்றி வளைத்தார்கள். யாரோ என் தலையில் மஞ்சத் தண்ணீர் ஊற்றினார்கள். தலைவர் எலுமிச்சம்பழத்தோடு வந்து கைகூப்பி, "ஆத்தா, என்ன வேணும் கேளு ஆத்தா," என்றார்.

"மேளத்த நிறுத்துய்யா!"

"கொற ஏதும் இருந்தா சொல்லு ஆத்தா."

நான் கத்தக் கத்த அவர்கள் அடிக்கிறார்கள். அவர்கள் அடிக்க அடிக்க நான் ஆடுகிறேன், கோபத்தில். கடைசியில் உறுமிக்காரனின் குச்சியைப் பிடுங்கி எறிந்தபிறகுதான் நின்றது. கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். கூண்டு காலியாக இருந்தது. வாசலில் பலாச்சுளை பாதி கடித்தபடி கிடந்தது. அதற்குப் பக்கத்து ஈரமண்ணில் அதன் காலடிகள், உள்ளே போகிற பக்கமாக ஆரம்பித்து, திரும்பி, செம்பனைக்குள் ஓடியிருந்தன. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஆத்தா மலையேறிவிட்டாள் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ஆபீசர்கள் வந்து தேடினார்கள். கால்வாயில் மறுபடி பழம் வைத்தார்கள். அது வரவில்லை.

செம்பனை எண்ணெய் மில்லுக்குப் போகிற வழியில் பெரிய ரோட்டோரம் அதைப் பார்த்தது என் வீட்டுக்காரர்தான். ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மற்ற வண்டிகள் ஏறிவிடாமல் லோரியைக் குறுக்கே நிறுத்தி, குலைக்கு மேலே போடுகிற வலையை எடுத்து அதன்மேல் போர்த்தி, இலாகா வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து சோற்றின் முன்னால் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை.

"கம்பிய வெட்டி எடுத்துட்டேன்," என்றார்.

"எதாலங்க?"

"நம்ம லோரி டூல்ஸ்ல இருக்கே, கட்டர். ஒரே அமுக்கு. இவ்வளவுதான் வேல அது. உசுரோட இருக்கும்போது அந்த ஒரு அமுக்குக்கு வழியில்லாமப் போச்சு."

எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. அதனால் எல்லோர்மேலும் கோபப்பட்டேன். தலைவரிடம் போனேன். "அவங்கதானம்மா வரவேற்பு வேணும்னாங்க. உபயக்காரங்கள வெறுங்கையோட வரவேற்கறதா?" என்றார். சங்கத்துக்குப் போன் போட்டேன். "நாங்க சின்ன வரவேற்புன்னுதான் சொன்னோம் ஆண்ட்டி, மேளம் எங்களுக்கே சர்ப்ரைஸ்," என்று அந்தப் பெண் அழுதாள். அழுகிற பிள்ளையை என்ன திட்டுவது? அவள் போனை வாங்கி அவளுடைய மேலதிகாரி பேசினார். மிகவும் வருந்துகிறோம், ஆனால் உங்கள் நன்கொடை வீண்போகவில்லை, நல்ல டேட்டா கிடைத்திருக்கிறது என்றார்.

"அத வெச்சு என்னய்யா பண்ணுவீங்க?"

அடுத்த திட்டத்துக்கு நன்கொடை திரட்ட உதவும் என்றார். மறைக்காமல் சொன்னார், அதற்கு ஒரு நன்றி.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கவேண்டாம். அலுவலகம் என்றால் வாடகை உண்டு, சம்பளம் உண்டு, கரண்ட் பில் உண்டு. சட்டத்தை மாற்றச் சொல்லிக் கோட்டு போட்டவர்களோடு கூட்டத்தில் உட்காரவும் ஆள் வேண்டும். நானும் கேண்டீன் நடத்துகிறவள்தான். கேஸ் தோம்பு சும்மா வருமா, எண்ணெய் சும்மா வருமா? ஆனால் எல்லாச் செலவும் போக, மணி அடித்தவுடன் ஒரு பிள்ளையின் முன்னால் ஒரு தட்டு மீ கோரேங் போய் நிற்கிறது. தட்டு வராமல், பிள்ளைகளுக்குப் பசி என்றால் என்ன என்று நான் விழிப்புணர்வு ஊட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா என்னைச் சும்மா விடுவார்களா? அந்தத் தட்டைத்தான் நான் கேட்டேன். அது ஒரு குற்றமா?

மாதாமாதம் பிடிப்பதை நிறுத்தச்சொல்லிவிட்டேன். பிறகு தாப்பிர் பேச்சே வீட்டில் எடுப்பதில்லை. பலா மட்டும் காய்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த பள்ளி விடுமுறையில் சிரம்பானில் தெமியாங் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்க அவளோடு அதே கடை வளாகத்துக்குப் போனேன். அதே இடம், அதே மேசை. ஆட்கள் வேறு. மேசைக்குப் பின்னால், உள்ளே விளக்கு எரிகிற பெட்டியில், ஆளுயரத்துக்கு ஒரு படம்.

என் தாப்பிர்.

முன்காலைத் தூக்கி வைக்கப் போகிற நிலையில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. காது இரண்டும் விறைத்திருக்கிறது. காலில் கம்பி. படத்தின் ஓரத்தில் கூண்டு வாசலின் இரும்பு. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் உள்ளே போயிருக்கும். கீழே மலாயில் எழுதியிருந்தது: நான் மறுபடி நடப்பேனா? அதற்கு ஒரு செல்லப் பெயர்கூட வைத்திருந்தார்கள். வலியில் துடிக்கும் கண்கள் என்று பக்கத்தில் இன்னொரு வரி. அது வலியில்லை. உறுமிச் சத்தம் கேட்டுத் திரும்பின பார்வை அது.

கையில் டேப்லெட்டோடு ஒரு இளம்பெண் வந்தாள். "ஆண்ட்டி, ஒரு நிமிஷம் ஆண்ட்டி. மாசம் கொஞ்சம் குடுத்தா போதும், இதோட கால காப்பாத்திரலாம்."

"இது செத்துப்போச்சும்மா."

"இல்லலா ஆண்ட்டி, ட்ரீட்மெண்ட்ல இருக்கு. இங்க போட்டிருக்கு பாருங்க." டேப்லெட்டைக் காட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். தங்கை என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், நான் நகரவில்லை. படத்தின் மேல்மூலையில் சிவப்பாக ஒரு தீற்றல், புகைபோலக் கீழே இறங்கியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்த அந்தப் பெண், "ரத்தம் ஆண்ட்டி. பாவம்லா," என்றாள்.

"ரத்தம் இல்லம்மா," என்றேன். "அது நான் வெச்ச குங்குமம்."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு டேப்லெட்டை என் பக்கம் நீட்டி, எந்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று விரலால் காட்டினாள்.